ஸ்க்ரூஜ் திறக்காத பேரேடு

சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையில் கரோலின் என்றொரு பெண் வருகிறாள். வருவது ஒன்றிரண்டு பக்கம்தான். அவளும் கணவனும் கருமியான ஸ்க்ரூஜிடம் கடன்பட்டவர்கள். தவணை நெருங்கிவிட்டது. ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கப் போன கணவன், கடன் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்ற சேதியோடு திரும்புகிறான். கேட்ட கணத்தில் அவள் கைகளைக் கோத்து நன்றி சொல்கிறாள். ஒரு மனிதனின் சாவுக்கு மகிழ்ந்துவிட்டோமே என்று மறுகணமே மன்னிப்பும் வேண்டுகிறாள். அந்தச் சாவினால் உள்ளம் அசைந்த ஒருவரையாவது காட்டும்படி, எதிர்காலத்தைக் காட்டும் ஆவியிடம் ஸ்க்ரூஜ் மன்றாடுகிறான். ஆவி காட்டக்கூடிய ஒரே அசைவு இந்த நிம்மதிதான். பிறகு அவன் கண்விழிக்கிறான், திருந்துகிறான், சிரிக்கிறான். குமாஸ்தா பாப் கிராட்சிட் வீட்டுக்கு ஊரிலேயே பெரிய வான்கோழியை அனுப்புகிறான். தர்மம் கேட்டு வந்து வெறுங்கையோடு போனவரின் காதில் பெரிய தொகை ஒன்றைச் சொல்கிறான். தங்கை மகன் வீட்டு விருந்துக்குப் போகிறான், மறுநாள் குமாஸ்தாவின் சம்பளத்தை உயர்த்துகிறான். கரோலின் வீட்டுப் பக்கம் அவன் போனதாகக் கதையில் ஒரு வரி இல்லை. அவள் வந்தது எதிர்காலக் காட்சியில்தானே, மனம் மாறியதும் அந்த எதிர்காலமே மறைந்துவிட்டதே என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கடன் கொடுத்தே பொருள் சேர்த்தவனின் பேரேட்டில் அந்தக் காலையில் எத்தனை கரோலின்கள் இருந்திருப்பார்கள்? அவர்களில் எவர் கதவையும் அவன் தட்டவில்லை. இவ்வளவு மகிழ்ச்சியான முடிவு ஏன் மனதில் முழுதாக இறங்க மறுக்கிறது என்று யோசித்தால், அந்தத் தட்டப்படாத கதவில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

டிக்கன்ஸின் மறதி என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. அவருடைய கற்பனையில் கணக்கும் பாவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஸ்க்ரூஜின் இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி இழுத்து வரும் சங்கிலியில் பணப்பெட்டி, சாவி, பூட்டு இவற்றோடு பேரேடுகளும் பத்திரங்களும் கோக்கப்பட்டிருக்கின்றன. 1854இல் வந்த ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் கிராட்கிரைண்டு எல்லாவற்றையும் எண்ணி அளந்து பார்ப்பவர். எண்ணுவதே அவருடைய குற்றம். அப்படிப் பார்க்கும் எழுத்தாளருக்கு, திருந்துதல் என்பது எண்ணுவதை நிறுத்துதல். ஸ்க்ரூஜ் வான்கோழியின் விலை கேட்டுத் தயங்குவதில்லை. அந்த அள்ளிவிடுதலில்தான் வாசகனின் நெஞ்சு நிறைகிறது. நம் ஊர்த் திரைப்படங்களில் வட்டிக்காரர் கடைசி ரீலில் புரோநோட்டுகளைக் கிழித்துப் போடும்போது கொட்டகை கைதட்டுவதும் இதே நிறைவில்தான். கிழிந்தது இனி வரவேண்டிய பாக்கி. ஏற்கெனவே ஏலத்தில் போன வீடும், பிடுங்கிய காணி நிலமும் அந்தக் கிழிசலால் யாருக்கும் திரும்புவதில்லை. டிக்கன்ஸுக்கும் அவருடைய வாசகர்களுக்கும் வேறொரு முன்மாதிரி நன்றாகத் தெரிந்தே இருந்தது. லூக்காவின் சுவிசேஷத்தில் ஆயக்காரனாகிய சகேயு மனம் திரும்பும்போது இரண்டு காரியங்களைத் தனித்தனியாகச் சொல்கிறான்: ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று, அநியாயமாக வாங்கியதை வாங்கியவர்களுக்கே நாலத்தனையாகத் திருப்புவது மற்றொன்று. முதலாவதற்குப் பெருந்தன்மை போதும். இரண்டாவதற்கு யாரிடம், எப்போது, எவ்வளவு என்ற கணக்கு வேண்டும். விக்டோரியா காலக் கதை முதலாவதை எடுத்துக்கொண்டு பண்டிகையாக்கியது, இரண்டாவதைக் கைவிட்டது.

நிலத்தை எடுத்து உருவான ஓர் ஊரில் இந்தக் கைவிடல் இலக்கியத்தோடு நின்றுவிடுவதில்லை. நெய்வேலி வட்டங்களின் அகலமான தெருக்களும் நிழல் தரும் மரங்களும் பள்ளிகளும் நூலகங்களும் ஆண்டுதோறும் நிலக்கரிச் சுரங்க நிறுவனம் நடத்தும் புத்தகக் கண்காட்சியும் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய நன்மைகள். அந்தக் கண்காட்சியின் தட்டுகளில் டிக்கன்ஸின் சுருக்கப் பதிப்புகளைப் பிள்ளைகள் புரட்டுவதும் அந்த நன்மைகளில் ஒன்று. இதன் தொடக்கக் கதையிலேயே ஒரு கொடையாளர் நிற்கிறார். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. அரசுக்கு அதைத் தெரிவித்தவர், பின்னாளில் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் திட்டத்துக்கு வழங்கினார். 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது. கொடுத்தவரின் பெயர் ஊருக்குத் தெரியும். அவருக்குப் பின்னால், கொடுக்க வேண்டும் என்று தாமாக நினைக்காமலே கொடுக்க நேர்ந்தவர்கள் கிராமம் கிராமமாக நிற்கிறார்கள். மேல்மண் அகற்றும் பக்கெட் வீல் எந்திரத்துக்கு வழிவிட்டுப் போன அந்த ஊர்களின் பெயர்களைத் தொகுத்துச் சொல்ல நெய்வேலியில் இன்று எத்தனை பேரால் முடியும்? ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ள வேண்டும் என்ற கணக்கு நிறுவனத்திடம் துல்லியமாக இருக்கிறது. அந்த மண் எவர் வயலாக இருந்தது என்ற கணக்கு அதே துல்லியத்தோடு மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

இங்கே கருமியே இல்லையே, பேராசை என்ற சொல் இங்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயமான மறுப்பு. இது பொதுத்துறை நிறுவனம். லாபம் ஒருவர் பெட்டியில் பூட்டப்படவில்லை. 2013இல் நடுவண் அரசு பங்குகளை விற்க முனைந்தபோது தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 விழுக்காட்டை வாங்கி, அது தனியாரிடம் போகாமல் தடுத்தன. தொழிலாளர்களும் அதற்காகப் போராடியிருந்தார்கள். மாநிலம் இருட்டில் கிடந்த காலத்தில் விளக்கேற்றிய ஊர் இது. இதையெல்லாம் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கெட்டவன் இல்லாத இடத்திலும் இழந்தவன் இருக்க முடியும். 1861இல் ஜார்ஜ் எலியட் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ இதை வேறு எந்த விக்டோரிய நாவலையும்விடக் கூர்மையாகக் காட்டுகிறது. பொதுவாக அதைக் கருமி திருந்திய கதையாகத்தான் வாசிக்கிறோம்: நெசவாளி சைலஸ் தங்கத்தைச் சேர்த்துவைக்கிறான், அது களவு போகிறது, அந்த இடத்தில் ஒரு குழந்தை வந்து சேர்கிறது, அன்பு அவனை மீட்கிறது. ஆனால் சைலஸின் பேராசையால் கெட்டவர் வேறு யாருமில்லை. தறியில் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த காசு அது. அவனுக்குத்தான் ஒரு பழைய கடன் வரவேண்டியிருக்கிறது. இளமையில் லாண்டர்ன் யார்டு என்ற சந்தில் ஒரு சபையில் இருந்தபோது திருட்டுப்பழி சுமத்தி அவனை விரட்டினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் உண்மை தெரிந்ததா என்று கேட்க வளர்ப்பு மகளோடு அங்கே போகிறான். சந்து இல்லை, சபை இல்லை, தெரிந்த ஒரு முகமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய ஆலை நிற்கிறது. வேலை முடிந்த ஆண்களும் பெண்களும் அதிலிருந்து சாப்பாட்டுக்கு வெளியே வருகிறார்கள். அந்த ஆலையைக் கட்டியவர்கள் சைலஸுக்கு ஒரு தீங்கும் நினைத்தவர்கள் இல்லை. இருந்தும், அவன் வழக்கைச் சொல்லக்கூடிய ஒரே இடத்தை அது மூடிவிட்டது. எலியட் இந்தக் காயத்தை ஆற்றாமலே நாவலை முடித்தார். அந்த நேர்மைக்காகவே அந்த நாவலை டிக்கன்ஸின் கதைக்கு மேலே வைக்கத் தோன்றுகிறது.

இழப்பீடுதான் கொடுக்கிறார்களே, கணக்குப் பார்க்காமலா கொடுக்கிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. 2023 ஜூலையை எடுத்துக்கொள்வோம். சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட மண் வெட்டும் எந்திரங்கள் நெற்பயிர் நின்ற வயலில் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிர் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்றது நிறுவனம். சட்டப்படி அந்த மண் அவர்களுடையதுதான். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி அங்கே எழுந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று தொகையும் முடிவானது. கரோலினின் கணவன் கேட்கப் போனது என்ன? கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை, ஒரு வாரம் கேட்டான். வளையமாதேவி உழவருக்கும் அந்த நேரத்தில் தேவைப்பட்டது கதிர் முற்றும்வரையிலான அவகாசம். எடுப்பவருக்கு மிகக் குறைந்த செலவில் தரக்கூடியதும், இழப்பவருக்கு மிக அதிகப் பொருள் உள்ளதும் இந்த அவகாசம்தான். அது மறுக்கப்பட்ட பிறகு வரும் தொகை, நெல்லின் விலையாக இருக்கலாம். நடவு நட்டவர் கண்முன்னே பச்சைப் பயிர் மண்ணுக்குள் போனதற்கு விலையாகாது. இதை எழுதும்போது மிகையாகப் பேசிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை எனக்கு இருக்கிறது. இழப்பீடு வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. அந்தக் காசு இல்லாமல் அடுத்த போகத்துக்கு விதை வாங்க முடியாத வீடுகள் அங்கே உண்டு. தொகையை நிர்ணயிப்பவர் யார், எதைக் கணக்கில் சேர்த்தார், எதை விட்டார் என்பதுதான் கேள்வி. எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் புல்ஸ்ட்ரோடு என்ற வங்கியாளர் இந்தக் கேள்வியின் முன்னால்தான் தோற்கிறார். தாம் மணக்கப்போகும் விதவையின் காணாமல்போன மகள் இருக்கும் இடம் தெரிந்தும், அதை மறைத்து முழுச் சொத்தையும் அடைந்தவர் அவர். முதுமையில் பயம் வந்ததும் அந்த மகளின் பிள்ளையான வில் லாடிஸ்லாவை இரவில் அழைத்து ஆண்டுக்கு 500 பவுன் தருவதாகச் சொல்கிறார். தொகையைத் தீர்மானித்தது அவர், நேரத்தைத் தீர்மானித்தது அவர், ஊருக்குத் தெரியாமல் முடிக்க நினைத்ததும் அவர். வில் முதலில் கேட்பது அந்தச் செல்வம் எந்தத் தொழிலிலிருந்து வந்தது, அதில் இவர் பங்கு என்ன என்பதை. பதில் தெரிந்ததும் பணத்தை மறுத்துவிடுகிறான். வறுமையிலும் அவன் கேட்ட முதல் பொருள் உண்மையான கணக்கு.

சில இழப்புகளைத் திருப்பவே முடியாது என்பதை விக்டோரிய எழுத்தாளர்கள் அறியாமலில்லை. ‘சைலஸ் மார்னர்’ நாவலின் காட்ஃபிரே காஸ், சைலஸ் வளர்த்த குழந்தை எப்பி தன்னுடையவள் என்பதைப் பதினாறு ஆண்டுகள் மறைத்தவன். வயல் திருத்த வேலையால் கற்குழியின் நீர் வடிந்து, களவுபோன தங்கமும் திருடிய தம்பியின் எலும்புக்கூடும் வெளிப்பட்டதும் அவனுக்கும் வாய் திறக்கிறது. செல்வ வீட்டுக்கு வரும்படி மகளை அழைக்கிறான். அவள் வரமாட்டேன் என்கிறாள். காலம் கடந்த கடன்களில் சிலவற்றைக் கூடுதல் தொகை போட்டுத் தீர்க்க முடியாது என்று அப்போதுதான் அவன் உணர்கிறான். தங்கம் மட்டும் கடைசிக் காசுவரை சைலஸிடம் திரும்பியது, மற்றது திரும்பவில்லை. நெய்வேலியிலும் திரும்பாதவற்றின் பட்டியல் நீளம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத் தளம் பிளக்காமல் இருக்கும்; அப்படித்தான் இத்தனை ஆண்டுகளாக வேலை நடக்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றியதற்கு இதுதான் காரணமா, ஆழ்துளைக் கிணறு போட்டு எல்லாரும் உறிஞ்சியது காரணமா என்ற வழக்கு ஊர்ப் பேச்சிலிருந்து மேடைவரை ஓயவில்லை. இரண்டுக்கும் பங்கு இருக்கலாம். பங்கு எவ்வளவு என்று இருதரப்பும் ஒப்பும்படி எண்ணிச் சொல்லாதவரை அந்த ஐயமே ஒரு காயமாக இருந்துகொண்டிருக்கும். தோண்டி முடித்த குழிகளை மேல்மண் கொண்டு நிரப்பி மரம் வளர்த்திருக்கிறார்கள். பசுமை உண்மையில் திரும்பியிருக்கிறது, அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை முடிந்த நிலத்தை எங்களிடமே கொடுங்கள் என்று கேட்கும் உழவர் கேட்பது காடு அன்று. வளர்ந்துவிட்ட எப்பியைப் போல அந்த மண்ணும் இப்போது வேறாகிவிட்டது என்று பதில் சொல்லலாம். அப்படியானால் திரும்பாது என்பதையாவது திரும்பாது என்று பதிவுசெய்ய வேண்டும். ஈடுசெய்தாயிற்று என்று எழுதிக் கோப்பை மூடுவது உண்மைக்கு மாறானது.

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் வடலூர். அங்கே சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க அடிகள், ‘ஹார்ட் டைம்ஸ்’ வெளிவந்த அதே 1854இல், சென்னையில் இருந்தபோது ‘மனுமுறைகண்ட வாசகம்’ என்ற உரைநடை நூலை எழுதினார். மனுநீதிச் சோழன் தன் மகனின் தேர் ஏறிக் கன்று இறந்ததைக் கேட்டதும், எந்தப் பாவம் செய்து இந்த நிலைக்கு ஆளானேனோ என்று தன்னையே கேட்டுப் புலம்பும் இடத்தில் பாவங்களின் நீண்ட அடுக்கு ஒன்று வருகிறது. தமிழில் அதைப் பலர் மனப்பாடமாகவே சொல்வார்கள். குடிக்கும் நீர் நிற்கும் குளத்தை மூடுவது, வெயிலுக்கு ஒதுங்க உதவிய மரத்தை அழிப்பது, வேலை வாங்கிக்கொண்டு கூலியில் கைவைப்பது, குடிகளின் வரியை ஏற்றிப் பறிப்பது, பசித்து நிற்பவரை ஏறிட்டுப் பாராமல் போவது, பொது மண்டபத்தை இடிப்பது என்று அது போகிறது. நெய்வேலியில் இருந்துகொண்டு இந்த அடுக்கை வாசித்தால் ஒவ்வொன்றும் ஓர் இடத்தைத் தொட்டு நிற்கும். குளமும் மரமும் போன கிராமங்கள் ஒருபுறம். நிரந்தர வேலையாள் செய்யும் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்து, நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் மறுபுறம். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன்கள் வெடித்தபோது மாண்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். அடிகள் எழுதிய காலமும் வெறும் புராணக் காலமாக இல்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1855இல் வந்தது. என்னை நிறுத்துவது அந்த அடுக்கின் வடிவம். அதில் நெஞ்சு இளகுவதைப் பற்றிய பேச்சே இல்லை. செயல், அது யாருக்குச் செய்யப்பட்டது, எதை இழக்கவைத்தது என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. பேசுபவனும் வீட்டுக்குள் இருக்கும் தனிமனிதன் இல்லை, பொறுப்பில் இருக்கும் அரசன். டிக்கன்ஸின் ஸ்க்ரூஜ் எண்ணுவதை நிறுத்தி மீள்கிறான். இந்த அரசன் எண்ணத் தொடங்குவதால்தான் அரசனாகிறான்.

இதை அப்படியே தூக்கிப் பிடிப்பதிலும் தயக்கம் உண்டு. அந்த அரசன் அந்தப் பாவங்களைச் செய்தவன் இல்லை. வினைப்பயன் தேடும் புலம்பலாகவே அந்த இடத்தை அடிகள் அமைத்தார். கதையின் முடிவில் மகனைத் தேர்க்காலில் இடுவதால் பசுவுக்குக் கன்று கிடைக்கப்போவதும் இல்லை. இறைவன் வந்து உயிர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. சமமான வலியைச் சுமப்பது நீதியாகத் தோன்றலாம், இழந்தவர் கையில் அது எதையும் வைப்பதில்லை. இருந்தும் இந்தப் பழைய கதையில் விட்டுவிட முடியாத இரண்டு அசைவுகள் உள்ளன. முதலாவது, அரண்மனையின் ஆராய்ச்சி மணியை அடித்தது கன்றை இழந்த பசு. ஸ்க்ரூஜுக்குப் பிறர் துயரம் ஆவிகளின் துணையோடு காட்சியாக வந்தது. கரோலின் அவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை, அவன் பார்த்ததை அவள் அறியவும் இல்லை. சோழனுக்கு இழந்தவளே வந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது, அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்து முடித்துவிடலாம் என்று யோசனை சொல்கிறார்கள், அரசன் மறுக்கிறான். செய்தவனின் மனத்தை ஆற்றும் சடங்கு, பசுவின் முன்னால் பதிலாகாது என்பது அவனுக்குத் தெரிகிறது.

இவ்வளவு கணக்குப் பேசினால் ஈரம் எங்கே போகும், டிக்கன்ஸின் அந்த வான்கோழியால் ஒரு வீடு வயிறார உண்டதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் வடலூரிலேயே இருக்கிறது. 1854இல் அந்தப் பட்டியலை எழுதியவர்தான் 1867 மே மாதத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. அங்கே இலைமுன் அமர்பவரை யார், எந்தச் சாதி, ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. பசிக்கு முன்னால் கணக்குப் பார்க்கக் கூடாது, பார்க்கவும் நேரமில்லை. ஆனால் அந்தச் சோறு யாருக்கும் திருப்பித் தரவேண்டிய கடனாக அங்கே பரிமாறப்படவில்லை, எந்தக் கடனையும் அது அடைத்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரே மனிதரிடம் இரண்டும் தனித்தனியாக இருந்தன, சகேயுவிடம் இருந்ததைப் போலவே. 2013 நிறுவனங்கள் சட்டம் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் பள்ளிக் கட்டடமும் மருத்துவ முகாமும் குடிநீர்த் தொட்டியும் தருகின்றன. அவை வேண்டும், இன்னும் அதிகமாகவே வேண்டும். நிலம் கொடுத்த ஊருக்குக் குடிநீர்த் தொட்டி வரும்போது, அது வற்றிய கிணற்றுக்குப் பதிலா, கொடையா என்று தெரியாத நிலையில்தான் சங்கடம் தொடங்குகிறது. கொடையாக இருந்தால் ஊர் நன்றி சொல்ல வேண்டும். பதிலாக இருந்தால் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே கல்வெட்டில் எழுதித் திறப்புவிழா நடத்தினால், இழந்தவரே நன்றியும் சொல்லிக் கைதட்ட நேர்கிறது.

நிறுவனத்துக்கு நெஞ்சு கிடையாது, மூன்று ஆவிகள் வந்தாலும் அதற்குத் தூக்கம் கலையாது, ஆகவே அதனிடம் மீட்சியை எதிர்பார்ப்பது வீண் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நெஞ்சு மாறுவதை மட்டும் மீட்சி என்று நம்பினால்தான் நிறுவனம் அதற்கு அப்பாற்பட்டதாகத் தெரியும். கணக்கைத் திறப்பதை மீட்சியின் முதல் வேலையாக வைத்தால், மனிதரைவிட நிறுவனமே அதற்குத் தகுதியானது. மனிதர் மறப்பார், சாவார், கோப்பு இருக்கும். நெய்வேலி 16ஆம் வட்டத்து நடராசர் கோயிலில் ஆராய்ச்சி மணியும் மனுநீதி முறைப்பெட்டியும் வைத்திருக்கிறார்கள். பக்தர்கள் குறையை எழுதிப் பெட்டியில் போட்டு மணியை அடிக்கிறார்கள். இந்த ஊருக்கு அந்தப் பழைய கதை அந்நியமில்லை. இறைவனிடம் எழுத்தில் முறையிடும் பழக்கம் இருக்கும் ஊரில், எழுத்திலேயே பதிலும் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகை ஆகாது. 1957 முதல் இன்றுவரை எடுத்த ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி: யார் பெயரில் இருந்தது, என்ன பயிர், எத்தனை மரம், கிணறு எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் காட்டியது, எந்த ஆண்டு என்ன தொகை தரப்பட்டது, வேலையோ மனையோ யாருக்குச் சொல்லப்பட்டது, அது வந்ததா, இப்போது அந்த நிலம் குழியா, மண்மேடா, காடா. இதில் பெரும்பகுதி வருவாய்த்துறையிலும் நிறுவனத்திலும் துண்டு துண்டாக ஏற்கெனவே தாளில் இருக்கக்கூடியதுதான். அவற்றை ஒன்றாகத் தைத்து, தமிழில், அந்தந்த ஊராட்சியில் எவரும் புரட்டிப் பார்த்துத் தவறு இருந்தால் சொல்லும்படி வைக்கலாம். ஒரு ரூபாய் கூடுதல் தொகை தராவிட்டால்கூட இது மட்டும் செய்யப்படுவது ஸ்க்ரூஜ் செய்யாததைச் செய்வதாகும்.

அந்தப் பேரேட்டிலும் ஓர் இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. சர்வே எண் நிலம் உடையவருக்குத்தான் உண்டு. அந்த வயலில் நாற்று நட்ட பெண்களுக்கும், அறுப்புக்குப் போன குடும்பங்களுக்கும், வரப்பில் ஆடு மேய்த்தவருக்கும், குத்தகைக்கு வாய்ச்சொல்லில் உழுதவருக்கும் பட்டா எதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் காலனித் தெருக்களில் இருந்தவர்கள். 2013இன் நிலமெடுப்புச் சட்டம் நிலமற்ற கூலியாளையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சேர்த்துக்கொண்டது. நெய்வேலியின் பெரிய நிலமெடுப்புகள் பலவும் அதற்கு முன்னால் நடந்து முடிந்தவை. எத்தனை நாள் கூலி போனது, எந்த வயலில் போனது என்று காட்ட அவர்களிடம் ஒரு சீட்டும் கிடையாது. அப்போது நடவு நட்ட கிழவிகளில் சிலர் இன்னும் இருக்கிறார்கள்; எந்தெந்த வயலில் யார் யாரோடு இறங்கினோம் என்று அவர்களால் சொல்ல முடியும். அதை எழுதிக்கொள்ளப் போகிறவர் நிறுவனத்தின் ஆளாக இருப்பதா, ஊராட்சி எழுத்தராக இருப்பதா, பள்ளிப் பிள்ளைகளாக இருப்பதா என்பதை முடிவுசெய்யவே காலம் அதிகமில்லை.